நாற்பத்தெட்டாவது ரிப்போர்ட்

ஆம்புரோஸ் வீட்டு அலமாரியில் பைபிளுக்குப் பக்கத்தில் ஒரு நீலக் கோப்பு இருந்தது. பைபிள் மேல் சில சமயம் தூசு படிவதுண்டு. கோப்பின் மேல் படிந்ததில்லை. அதற்குள் நாற்பத்தேழு போலீஸ் ரிப்போர்ட்டுகளின் நகல்கள், ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறைக்குள், வலது மூலையில் சிவப்பு மையில் எண் போட்டு. எல்லாம் அவரே எழுதி, அவரே கொண்டுபோய்க் கொடுத்து, அவரே முத்திரை வாங்கி வந்தவை. ஈப்போவில் ஓர் ஆள் நாற்பத்தேழு முறை போலீஸ் நிலையத்துக்குப் போயிருக்கிறார் என்றால் கேட்பவர்கள் வேறு மாதிரி நினைப்பார்கள். ஆம்புரோஸ் சலவைச் சட்டையோடு போனவர்.

அவர் கட்சியின் கிளைச் செயலாளர். இங்கே அரசியலில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிர்த்தரப்புக்காரன் மேடையில் ஏதாவது சொல்லிவிட்டால், முகநூலில் ஏதாவது எழுதிவிட்டால், மானியப் பணத்தில் வாங்கிய நாற்காலி எண்ணிக்கையில் ரெண்டு குறைந்தால், பத்துப் பேராகத் திரண்டு பாலாய்க்குப் போய்விடுவார்கள். போலீஸ் நிலையத்தை இங்கே எல்லா இனத்தவரும் பாலாய் என்றுதான் சொல்வது. உள்ளே ஒருவர் ரிப்போர்ட் கொடுப்பார். மற்ற ஒன்பது பேர் எதிர்க்கடையில் ஐஸ் போட்ட தே குடிப்பார்கள். பிறகு வாசலில், பெயர்ப்பலகை தெரியும்படி நின்று, காகிதத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து ஒரு படம். மறுநாள் அது பத்திரிகையில் வரும். புகார் என்ன ஆயிற்று என்று அதற்குப் பிறகு யாரும் விசாரிப்பதில்லை. படம் வந்ததா என்றுதான் விசாரிப்பார்கள்.

காகிதம் பிடிப்பதில் ஆம்புரோஸை மிஞ்ச ஆள் கிடையாது.

"வயித்துக்கு நேரா பிடிக்காதீங்க லா, சாப்பாட்டுக் கடை மெனு மாதிரி இருக்கு," என்பார் பக்கத்தில் நிற்பவர்களிடம். "கழுத்துப் பட்டன்லேர்ந்து நாலு விரக்கடை கீழ. மொகத்துல கோவம் இருக்கணும். பல்லு தெரியக்கூடாது."

அந்த நாள்களுக்கென்று ஒரு வெள்ளைச் சட்டை தனியாக இருந்தது. அவர் மனைவி அகதா அதற்கு ரிப்போர்ட் சட்டை என்று பெயர் வைத்திருந்தாள். முதல் நாள் சாயங்காலம் அவர் கோப்பை எடுத்து மேசையில் வைத்தாலே அவள் இஸ்திரிப் பெட்டியைச் செருகிவிடுவாள். யார் மேல் என்று கேட்பதில்லை. காலர் மட்டும் கத்தி போல நிற்கும்.

ஆம்புரோஸ் பிறந்தது கிளன்மோர் ரப்பர்த் தோட்டத்தில். ஈப்போவிலிருந்து கோலா கங்சார் போகும் பழைய சாலையில் முக்கால் மணி நேரம் போனால் வரும். அப்பா சவரிமுத்து பால்மரம் வெட்டியவர். ஆம்புரோஸ் ஐந்தாம் படிவம் வரை படித்து, ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தர் வேலையில், கிராணியாக, முப்பத்தொரு வருடம் உட்கார்ந்திருந்தார். மாணவர் பதிவேட்டில் ஒரு பிறந்த தேதி மாறியிருந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. மலாய் அவருக்கு அரசாங்கக் கடிதத்தைப் போலவே வரும். பாசாரில் மீன் விலை கேட்டால்கூட "தயவுகூர்ந்து" என்று ஆரம்பிப்பார்.

அவருடைய முதல் ரிப்போர்ட் காணாமற்போன மோட்டார் சைக்கிளுக்காக. மோட்டார் சைக்கிள் இன்று வரை கிடைக்கவில்லை. ஆனால் அன்று கையில் கிடைத்த காகிதத்தில் ஆம்புரோஸ் த/பெ சவரிமுத்து என்று முழுப்பெயரும் முத்திரையோடு இருந்தது. தோட்டத்தில் துரை திட்டும்போது மட்டும் முழுதாக உச்சரிக்கப்பட்ட அப்பாவின் பெயர், அரசாங்கக் காகிதத்தில், மரியாதையாக. வண்டி போன துக்கத்தை அவர் அன்றே மறந்துவிட்டார் என்று அகதா இன்னும் சொல்லிக் காட்டுவாள்.

கோப்பில் அவருக்கு மிகவும் பிடித்தது முப்பத்தொன்றாம் எண். எட்டு வருடத்துக்கு முந்தையது.

பீடோர் பக்கம் ஒரு தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றார்கள். அங்கே இருந்த குடும்பங்களுக்கு வீடு தருவதாக ஒப்பந்தம். அப்போது ஆட்சியில் இருந்த தரப்பின் வட்டாரத் தலைவர் ராஜு, பட்டியலில் ஆறு தொழிலாளர் பெயரை அடித்துவிட்டுத் தன் ஆட்கள் ஆறு பேரைச் செருகிவிட்டார். ஆம்புரோஸ் மூன்று இரவு விழித்து அந்த ரிப்போர்ட்டை எழுதினார். 'சட்டத்தின் முன் பெரியவர் சிறியவர் இல்லை என்று நான் நம்புகிறேன்' என்று ஆரம்பித்து, 'ஏழைத் தொழிலாளியின் கண்ணீருக்கு இந்த நாடு பதில் சொல்ல வேண்டும்' என்று முடியும். அவருடைய நாற்பத்தேழில் நீதிமன்றம் வரை போனது அது ஒன்றுதான்.

ராஜுவை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்த அன்று ராஜுவின் ஆட்கள் வாசலில் நின்று, "அரசியல் பழிவாங்கல்!" என்று கத்தினார்கள். ஆம்புரோஸ் எதிர்ப்பக்கம் நின்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

"மாட்டிக்கிட்டா பழிவாங்கல். மாட்டலேன்னா நீதி. இவனுங்களுக்கு மட்டும் தனியா ஒரு சட்டப் புஸ்தகம் அச்சடிக்கணும் போல," என்றார். "என் சொந்த அப்பனா இருந்தாலும் தப்பு பண்ணுனா உள்ள போகணும்."

அவருடைய அப்பா அதற்குப் பதினான்கு வருடம் முன்பே கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தார். ஆகவே இதைச் சொல்வதில் ஆபத்து ஒன்றுமில்லை.

பிறகு நடந்ததெல்லாம் நாட்டுக்கே தெரியும். எந்தக் கட்சி எந்தக் கட்சியோடு எப்போது சேர்ந்தது என்று வரிசையாகச் சொல்ல இப்போது கட்சிக்காரர்களாலேயே முடியாது. ராஜு வழக்கில் ஒரு முக்கியமான சாட்சிக்கு எல்லாமே மறந்துபோயிற்று. வழக்கு திரும்பப் பெறப்பட்டது. அடுத்த தேர்தலுக்குப் பிறகு ராஜுவின் தரப்பும் ஆம்புரோஸின் தரப்பும் கைகோர்த்து ஆட்சி அமைத்தன. ஈப்போவில் நடந்த ஒற்றுமை விருந்தில் ராஜுவுக்கு மாலை போடும் பொறுப்பு, எழுத்தறிவுள்ளவர் என்ற முறையில், ஆம்புரோஸுக்கு வந்தது.

ராஜு குனிந்து மாலையை வாங்கிக்கொண்டு காதில் சொன்னார்: "அண்ணே, ஒங்க ரிப்போர்ட்ட வாசிச்சிட்டு எனக்கே என் மேல கோவம் வந்துருச்சி. அவ்வளோ நல்லா எழுதியிருந்தீங்க லா."

ஆம்புரோஸுக்கு வெட்கமாக இருந்தது; கூடவே கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. வீட்டுக்கு வந்து கோப்பில் முப்பத்தொன்றாம் எண்ணை எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்ப அதே இடத்தில் வைத்தார். கிழித்துப் போட மனம் வரவில்லை.

போன வருடம் கிளன்மோர் தோட்டத்தையும் விற்றார்கள். அங்கே தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய பழைய லயத்து வீடுகளில் இன்னும் இருபத்து நான்கு குடும்பங்கள் இருந்தன. ஆளுக்கொரு தரை வீடு என்று ஒப்பந்தம். அதில் ஒரு குடும்பம் அகதாவின் அக்கா ஜூலியானா. அறுபத்தெட்டு வயது, புருஷன் இல்லை, நாற்பது வருடம் பால்மரத்திலும் செம்பனையிலும் உழைத்துக் கால் வளைந்துபோனவள். அவளுக்குப் பதினேழாம் எண் வீடு என்று போன கிறிஸ்மஸுக்கு முன்பே சொல்லியாயிற்று. மாதிரி வீட்டைக் காட்டிய அன்று ஜூலியானா தையல் நாடாவோடு போய் ஜன்னலை அளந்து வந்தாள். ஈப்போ மலிவு விற்பனையில் மஞ்சள் பூப்போட்ட திரைத்துணி வாங்கித் தைத்தும் வைத்துவிட்டாள். லயத்து வீட்டுக்கு ஜன்னல் என்று ஒரு பலகைதான் உண்டு. திரை, பிளாஸ்டிக் பையில் சுருட்டியபடி கட்டிலுக்கடியில் காத்திருந்தது.

வீடு கொடுக்கும் குழுவுக்குத் தலைவர் ஆம்புரோஸின் தொகுதித் தலைவர், அரசாங்கப் பட்டம் வாங்கிய டத்தோ அர்ச்சுனன். ஒரு மத்தியானம் டத்தோ அவரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, பட்டியலைக் கணினியில் ஏற்றித் தரச் சொன்னார். கையில் கொடுத்த தாளில் ஒன்பது பெயர்கள் அடிக்கப்பட்டு, மேலே வேறு ஒன்பது பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. டத்தோவின் டிரைவர். டிரைவரின் மச்சான். டத்தோ மனைவியின் அழகு நிலையத்தைப் பார்த்துக்கொள்கிற பெண். ஒற்றுமை என்பதால் ராஜுவின் அக்கா மகன். பதினேழாம் எண்ணில் ஜூலியானாவின் பெயர் மேல் ஒரு கோடு.

ஆம்புரோஸின் விரல் அந்தக் கோட்டின் மேல் நின்றதை டத்தோ பார்த்துவிட்டார்.

"அண்ணே, ரெண்டாம் கட்டம் வருது லா. ஒங்க வீட்டம்மாவோட அக்காதானே? அதுக்கு மூலை வீடே போட்டுறலாம், நான் பாத்துக்கறேன். அப்புறம் இன்னொண்ணு. நகராண்மைக் கவுன்சிலர் பேருங்க மேல போயிருக்கு. யாரு பேரு முதல்ல இருக்குன்னு நான் சொல்ல வேணாம்."

கவுன்சிலர் என்றால் தேர்தல் கிடையாது, கட்சி பார்த்துக் கொடுப்பதுதான். பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ள ஒரு சொல் கிடைக்கும். ஆம்புரோஸ் தட்டச்சு செய்தார். ஒன்பது பெயர்களையும், அடையாள அட்டை எண்களோடு, ஒரு எழுத்துப் பிசகாமல். வீட்டில் இதைச் சொல்லவில்லை.

ரெண்டு மாதம் கழித்துப் பட்டியலைத் தோட்டத்து மண்டபத்தில் ஒட்டினார்கள். ஜூலியானாவுக்கு மலாய் எழுத்து அவ்வளவாக வராது. பக்கத்து வீட்டு நல்லம்மாள்தான் மூன்று தடவை மேலிருந்து கீழே விரல் வைத்துப் பார்த்தாள். ரெண்டு பேர் பெயரும் இல்லை; பதினேழாம் எண்ணுக்கு நேராக டத்தோவின் டிரைவர் பெயர் இருந்தது. சாவி கொடுக்கும் விழாவுக்கு மூன்று வாரம் இருந்தது. விழா முடிந்த மறுவாரம் லயத்தை இடிப்பார்கள்.

அன்று சாயங்காலம் அகதா இஸ்திரிப் பெட்டியைத் தானாகவே செருகினாள்.

"கோப்ப எடுங்க," என்றாள். "நாளைக்கு ஒண்ணு போட்டுருங்க."

"யார் மேல?"

"இத்தன வருசத்துல நான் கேக்காத கேள்விய நீங்க கேக்கறீங்களா? டத்தோ மேலதான்."

ஆம்புரோஸ் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தார். "அகதா, இது உள்வீட்டு விசயம். கட்சிக்குள்ள பேசித் தீர்த்துக்குவோம்."

"அப்ப பீடோர்ல நடந்தது?"

"அது ஊழல்."

"இது?"

அவர் கொஞ்ச நேரம் சொல் தேடினார். "நிர்வாகக் கோளாறு."

"எங்கக்கா வீட்டுல டத்தோ டிரைவர் குடி போறது கோளாறா? அவன் கண்ணு தெரியாம வேற வீட்டுக்குள்ள நொழஞ்சிட்டானா?"

"நிரூபிக்கற வரைக்கும் யாரையும் குற்றவாளின்னு சொல்லக்கூடாது அகதா. அதுதான் சட்டம்."

"ராஜு மேல கேஸ் போட்ட அன்னிக்கு நீங்க ரெண்டு தட்டு பலகாரம் வாங்கியாந்து தெருவுக்கே கொடுத்தீங்க. அன்னிக்கு இந்தச் சட்டம் லீவுல இருந்துச்சா?"

"ரெண்டாம் கட்டம் வருது. மூலை வீடு."

இதைச் சொன்னதும் அவருக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. அகதா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். மூலை வீடு என்று இவருக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. செருகியிருந்த பிளக்கைப் பிடுங்கினாள்.

மறுநாள் ஆம்புரோஸ் கிளைக் கூட்டத்துக்குப் போயிருந்த நேரம் அவள் நீலக் கோப்பைத் திறந்தாள். முப்பத்தொன்றாம் எண் எது என்று தேட வேண்டியிருக்கவில்லை. பழைய நாள்களில் வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் அதைத்தான் எடுத்துக் காட்டுவார். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, மூன்றாம் படிவம் வரை படித்த குண்டுக் கையெழுத்தில், அதை அப்படியே எழுதினாள். பீடோர் வந்த இடத்தில் கிளன்மோர். ராஜு வந்த இடத்தில் அர்ச்சுனன். மற்ற எதையும் தொடவில்லை. இவ்வளவு நல்ல எழுத்தில் கை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

கிராப் வாடகை வண்டி பிடித்து, ஜூலியானாவையும் நல்லம்மாளையும் வரச் சொல்லி, மூவருமாகப் பாலாய்க்குப் போனார்கள். முத்திரை வாங்கினார்கள். வெளியே வந்ததும் நல்லம்மாள், "படம் எடுக்கணுமாமே?" என்றாள்.

"ஆமா, அது எடுத்தாத்தான் ரிப்போர்ட்டு," என்றாள் அகதா.

வாசலில் நின்று, பெயர்ப்பலகை தெரியும்படி, கழுத்துப் பட்டனிலிருந்து நாலு விரக்கடை கீழே காகிதத்தைப் பிடித்தாள். பல்லைக் காட்டவில்லை. நல்லம்மாளின் கைப்பேசியில் ஜூலியானாவின் பாதித் தலை வெட்டுப்பட்டாலும் காகிதம் தெளிவாக வந்திருந்தது. தோட்டத்து வாட்சப் குழுவில் போட்ட இருபதாவது நிமிடத்தில் படம் டத்தோவின் கைக்குப் போய்விட்டது.

டத்தோ கிளைக் கூட்டத்துக்கே போன் அடித்தார். ஆம்புரோஸ் எழுந்து மாடிப்படிக்கு வந்தார்.

"அண்ணே, இது என்னா கூத்து? ஒங்க வீட்டம்மா கையில பேப்பர பிடிச்சிக்கிட்டு போஸ் கொடுக்குது! அதுவும் அச்சு அசலா ஒங்கள மாதிரியே பிடிச்சிருக்கு!"

"எனக்குத் தெரியாது டத்தோ. சத்தியமா."

"இது அரசியல் பழிவாங்கல்ண்ணே. யாரோ தூண்டி விட்டிருக்கானுங்க."

யாரோ தூண்டிவிட்டு ஆடக்கூடிய ஆள் அவள் இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. அதற்குள் டத்தோவுக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல், "அண்ணன எதிர் ரிப்போர்ட் போடச் சொல்லுங்க லா, அவரு எழுதுனா நிக்கும்," என்றது. ராஜுவின் குரல். தன்னுடைய எழுத்தின் மேல் ராஜுவுக்கு இருந்த நம்பிக்கை இந்த நேரத்திலும் ஆம்புரோஸின் காதில் இனிக்கத்தான் செய்தது.

"என் பொண்டாட்டி மேலயா?"

"பொண்டாட்டி மேல இல்லண்ணே. பொய்ப் புகார் மேல," என்றார் டத்தோ. "நாளைக்குப் பத்து மணி. நம்ம பசங்க பத்துப் பேரு வந்துருவாங்க, பத்திரிகைக்கும் சொல்லியாச்சு. 'புருஷனே மறுக்கிறார்'னு வந்தா கதை முடிஞ்சிரும். அப்புறம் அண்ணே, அந்தக் கவுன்சிலர் லிஸ்ட்டு அடுத்த வாரம் வெளியாகுது."

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு மீன் குழம்பு. அகதா வழக்கம்போல அவருக்கு நடுத்துண்டைப் போட்டாள்.

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"நேத்து சொன்னேன். நிரூபிக்கணும்னீங்க. அதான் போயி கொடுத்துட்டு வந்தேன், நிரூபிக்கட்டும்."

"அது என்னோட ரிப்போர்ட்டு அகதா. என் எழுத்து."

"ஆமா. அப்ப அது நெசமா, சும்மாவா?"

அவர் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். வழக்கத்தை விட அதிக முள் இருந்தது.

"நாளைக்குப் பத்து மணிக்குப் போறீங்களாமே. நல்லம்மா போன் பண்ணுச்சி. தோட்டம் முழுக்கத் தெரிஞ்சிருச்சி," என்றாள். "அக்காவும் பேசுச்சி. கோவப்படல. சிரிச்சிக்கிட்டே கேக்குது, மூலை வீட்டு ஜன்னலும் இதே அளவா இருக்குமாடி, இல்ல திரைய பிரிச்சுத் தைக்கணுமான்னு."

ஆம்புரோஸ் பாதிச் சோற்றில் கை கழுவினார்.

காலையில் அவர் குளித்துவிட்டு வந்தபோது வெள்ளைச் சட்டை நாற்காலி முதுகில் தொங்கியது. காலர் கத்தி போல நின்றது.

"தேய்ச்சியா?"

"என் மேல ரிப்போர்ட் போடப் போறவரு கசங்கிப்போன சட்டையில போனா எனக்குத்தானே கேவலம்," என்றாள் அடுப்படியிலிருந்து. "பசியாறிட்டுப் போங்க. அங்க லேட்டாகும்."

பாலாய் எதிரே உள்ள கடையில் பத்துப் பேரும் தே குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பத்திரிகைக்காரர் கேமராவின் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆம்புரோஸ் கையசைத்துவிட்டு உள்ளே போனார்.

முகப்பில் சார்ஜன் ஹம்டான். ஆம்புரோஸின் ரிப்போர்ட்டுகளில் பத்துப் பன்னிரண்டை அவரே கணினியில் ஏற்றியவர். ரெண்டு பேரும் மலாயில்தான் பேசிக்கொள்வார்கள்.

"வாங்க அங்கிள். இன்னிக்கு யாரு மேல?"

"பொய்ப் புகார் ஒண்ணு."

"யாரு கொடுத்தது?"

"அகதா த/பெ அந்தோணி."

"உறவா?"

"மனைவி."

சார்ஜன் தட்டச்சுப் பலகையிலிருந்து விரலை எடுத்தார். பின்னால் உட்கார்ந்திருந்த போலீஸ்காரி இருமுவது போல வெளியே போய்விட்டாள்.

"சரி," என்றார் சார்ஜன். "பொய்ப் புகார்னா அதுல எது பொய்னு சொல்லணும். நேத்து கொடுத்ததே இங்க இருக்கு, ஒவ்வொரு வரியா போவோம்." அகதாவின் ரிப்போர்ட்டைத் திரையில் கொண்டுவந்து வாசித்தார். "'சட்டத்தின் முன் பெரியவர் சிறியவர் இல்லை என்று நான் நம்புகிறேன்.' இது பொய்யா?"

"இல்ல."

"'பட்டியலைத் தயாரித்தவர்கள் மக்கள் கொடுத்த நம்பிக்கையைத் தங்கள் குடும்பச் சொத்தாக்கிக்கொண்டார்கள்.' இது?"

பட்டியலைத் தயாரித்தவர்கள் என்று எழுதிய இரவு ஆம்புரோஸுக்கு நினைவிருந்தது. கைக்குள் ஒரு கோப்பிக் குவளையும் நெஞ்சுக்குள் ஒரு நியாயமும் இருந்த இரவு. "அத விடுங்க. அடுத்தது."

"'ஏழைத் தொழிலாளியின் கண்ணீருக்கு…'"

"அது நல்ல வரி."

"நல்ல வரிதான் அங்கிள். பொய்யா?"

"இல்ல."

சார்ஜன் நாற்காலியில் சாய்ந்தார். "அப்ப ஒண்ணுதான் பாக்கி. 'தகுதியில்லாத ஆறு பேருக்கு வீடு ஒதுக்கப்பட்டுள்ளது.'"

ஆம்புரோஸ் முன்னால் குனிந்து திரையைப் பார்த்தார். ஆறு. பீடோர் கணக்கு. அகதா ஊரை மாற்றினாள், ஆளை மாற்றினாள், எண்ணை மாற்றவில்லை. அவளுக்கு எப்படித் தெரியும்? மண்டபத்தில் ஆளாளுக்குத் தன் பெயரைத்தான் தேடினார்கள், அடிபட்டவற்றை எண்ணியது யார்? முப்பத்தொரு வருடம் பதிவேட்டில் ஒரு தேதி பிசகாமல் பார்த்துக்கொண்ட மனிதரின் முகத்தில் ஏதோ அரிப்பது போல ஒரு சுளிப்பு வந்தது.

"இது தப்பு," என்றார்.

சார்ஜனுக்கு நிம்மதி. விரல்களைத் திரும்பப் பலகையில் வைத்தார். "சரி, அப்படிச் சொல்லுங்க. அந்த மாதிரி யாருக்கும் ஒதுக்கல. அப்படித்தானே?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். வெளியே கேமரா காத்திருந்தது. அடுத்த வாரம் லிஸ்ட் வெளியாகிறது. ஆம்புரோஸ் சட்டைக் கழுத்துக்குள் விரலை விட்டுத் தளர்த்தினார். காலர் விறைப்பாக, கழுத்தை அறுத்துக்கொண்டு நின்றது.

"ஆறு இல்ல," என்றார். "ஒம்போது."

சார்ஜன் திரையை விட்டு அவரைப் பார்த்தார்.

"ஒம்போதுன்னு அங்கிளுக்கு எப்படித் தெரியும்?"

"அந்த லிஸ்ட்ட டைப் பண்ணுனதே நான்தான்." சொன்ன பிறகு, வாக்கியம் முழுமையாக இல்லாதது போல அவருக்குத் தோன்றியது. "அடையாள அட்டை நம்பரோட. வேணும்னா ஒம்போதையும் வரிசையா சொல்றேன். பதினேழாவதுலேர்ந்து ஆரம்பிங்க."

ரெண்டரை மணி நேரம் ஆயிற்று. வாக்குமூலத்தில் ஒரு தேதியையும் ஒரு பெயரையும் அவர் திருத்தச் சொன்னார். கையெழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது. அதையும் ஒரு முறை அழித்துவிட்டுப் போடலாமா என்று கேட்டார். முடியாது என்றார் சார்ஜன்.

வெளியே பத்துப் பேரும் நாலாவது தேயை முடித்துவிட்டு வெயிலில் வரிசையாக நின்றார்கள்.

"அண்ணே, பேப்பர் எங்க? படம் எடுக்கணும்."

"உள்ள இருக்கு."

"யாரு பேரு போட்டீங்க?"

"ஒம்போது பேரு. அப்புறம் டத்தோ." ஆம்புரோஸ் குடையை விரித்தார். "என் பேரும் இருக்கு."

பத்திரிகைக்காரர் மட்டும் ஒரு படம் எடுத்தார். கையில் காகிதமில்லாத ஆம்புரோஸை எங்கே போடுவது என்று தெரியாமல் பத்திரிகையில் அதைப் பிரசுரிக்கவில்லை.

அன்று மத்தியானம் அவர் அகதாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். டத்தோ அலுவலகம், கோடு போட்ட தாள், மூலை வீடு. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். ஆறு ஒன்பதானதைச் சொன்னபோது மட்டும், "ஒம்போதா?" என்றாள். பிறகு, "எங்கக்கா பேர அடிக்கையில கை கூசலயா?" என்றாள்.

"அடிச்சது டத்தோ."

"டைப் பண்ணுனது?"

அதற்குப் பிறகு நாலு நாள் அந்த வீட்டில் தொலைக்காட்சி மட்டும்தான் பேசியது.

சாவி கொடுக்கும் விழா தள்ளிவைக்கப்பட்டது. பட்டியல் மறுபரிசீலனையில் இருப்பதாக ஒரு தாளை மண்டபத்தில் ஒட்டினார்கள். லயத்தை இடிக்க வந்த இயந்திரம் வாய்க்காலோரம் நிற்கிறது. ஜூலியானா அதன் இரும்புக் கையில் துணி காயப்போடுகிறாள். ஒன்பது பேரும் ஒவ்வொருவராக விசாரணைக்குப் போய் வருகிறார்கள். வீடு கிடைக்குமா என்று யாருக்கும் தெரியாது. பதினேழாம் எண் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்று ஜூலியானா எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஜன்னல் அளவு அதற்குத்தான் எடுத்தது.

கவுன்சிலர் பெயர்கள் வெளியாயின. ராஜுவின் அக்கா மகன் பெயர் இருந்தது.

டத்தோவின் ஆட்கள் இப்போது வாரத்துக்கொரு முறை கூடி, சட்டத்தைக் கட்சியின் எதிரிகள் ஆயுதமாக்குகிறார்கள் என்று கத்துகிறார்கள். போன திங்கள் பத்திரிகையில் ராஜு படம் வந்திருந்தது. பாலாய் வாசலில், கையில் காகிதத்தோடு. கட்சியின் அந்தரங்க ஆவணத்தை வெளியே சொன்னதாக ஆம்புரோஸ் மேல் ரிப்போர்ட்.

ஆம்புரோஸ் அந்தப் படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"வயித்துக்கு நேரா பிடிச்சிருக்கான்," என்றார்.

அகதா சிரிக்கவில்லை. நீலக் கோப்பை எடுத்து, தன்னுடைய ரிப்போர்ட் நகலைக் கடைசி உறைக்குள் போட்டாள். வலது மூலையில் சிவப்பு மையில் 48 என்று எழுதினாள். உள்ளே, ஆறை அடித்து ஒன்பது என்று திருத்தியிருந்தாள். கோப்பைப் பைபிளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அன்று காலை பத்து மணிக்கு அவரை மறுபடி பாலாய்க்கு வரச் சொல்லியிருந்தார்கள், இந்த முறை ராஜு கொடுத்த புகாருக்குப் பதில் சொல்ல. வெள்ளைச் சட்டை கூடையில் கசங்கிக் கிடந்தது. ஆம்புரோஸ் இஸ்திரிப் பெட்டியைத் தானே செருகி, முதுகுப் பக்கத்திலிருந்து தேய்க்க ஆரம்பித்தார். காலருக்கு வரும்போது அது மடிந்து ரெண்டு கோடாக விழுந்தது. தண்ணீர் தெளித்து மறுபடி தேய்த்தார். மூன்று கோடாயிற்று.

அகதா வாசலில் வந்து நின்று பார்த்தாள். வாங்கித் தேய்த்துக் கொடுக்கவில்லை.

"அப்படியே போட்டுக்கிட்டுப் போங்க," என்றாள். "இன்னிக்குப் படம் எடுக்க யாரும் வரமாட்டாங்க."